நடுவில் யகரம் வேண்டாம்

31 வருஷம் பிள்ளைகளுக்கு உடம்படுமெய் நடத்தியவள் நான். மணி + அடித்தான், மணியடித்தான். திரு + அருள், திருவருள். இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்தால் தமிழ் நாக்குக்குப் பொறுக்காது. நடுவில் யகரத்தையோ வகரத்தையோ செருகிவிட்டுத்தான் மறுவேலை. இந்த நாக்கோடுதான் மெக்ஸிகோவில், குவாதலஹாராவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயது இருக்கும். அவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான். மக்காச்சோளத்தை நான் "மயிஸ்" என்றதும் சிரித்துவிட்டுக் கரண்டியை எடுத்து மேசையில் தட்டினார். 'ம', ஒரு தட்டு. 'ஈஸ்', இன்னொரு தட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டில் 'மஈஸ்' என்று எழுதிப் பார்த்தேன், கண்ணுக்கே சகிக்கவில்லை. என் மாணவன் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான். குறில் நெடில் பேதம் கிடையாது. அ, எ, ஒ மூன்றும் வலியவை. இ, உ இரண்டும் மெலியவை. மெலியது வலியதன் பக்கத்தில் வந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரே தட்டாகிவிடும். 'நல்ல' என்பதற்கு நான் பு-வே-னோ என்று மூன்று தட்டினேன். தப்பு. ப்வே-னோ, இரண்டுதான். மெலியவை இரண்டு சேர்ந்தாலும் இப்படித்தான். வலியவை இரண்டு சேர்ந்தால் விட்டுக்கொடுக்காது: கவிஞர் என்றால் பொ-எ-தா, மூன்று தட்டு.

மெலியதன் மேல் அழுத்தம் விழுந்துவிட்டால் அதுவும் விறைத்துக்கொண்டு தனியே நிற்கும். அதைக் காட்டத்தான் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுகிறார்கள். மஈஸில் வரும் இகரத்தின் தலையிலும் அது இருந்தது. நான்தான் தூசி மாதிரி பாவித்து விட்டுவிட்டேன்.

சாய்கோட்டை மதிக்காமல் ஒருநாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். தெருவில் தண்ணீர் வராது என்று அம்மாள் சொல்ல வந்தார். 'முன்பே தெரியும்' என்று சொல்ல நினைத்தேன். அதற்கு ஸ-பீ-அ என்று பீயில் அழுத்தி மூன்று தட்டு வேண்டும். நான் முதலெழுத்தில் அழுத்தி 'ஸா-ப்யா' என்றேன். அது 'ஞானி', பெண்பால். அம்மாள் எழுந்து நின்று எனக்குத் தலைவணங்கினார்.

சொல்லும் சொல்லும் சந்திக்கிற இடத்திலும் உயிர்கள் கலந்துவிடும். அதற்கு சினலேஃபா என்று பெயர். செய்யுளில் அசை எண்ணும்போதுகூட அந்தக் கலப்பை ஒன்றாகத்தான் எண்ணுகிறார்கள். 'மி' என்றால் என்னுடைய, 'இஹா' என்றால் மகள். இரண்டும் சேர்ந்து 'மிஹா'. 62 வயதுக்காரியான என்னை அம்மாள் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஆனால் நம் 'உம்'முக்கு ஈடாக அவர்களுக்கு 'இ' என்று ஒரு சொல் உண்டு. அடுத்த சொல் இகரத்தில் தொடங்கினால் அது 'எ' ஆகிவிடும்: பாத்ரே எ இஹோ, அப்பாவும் மகனும். மிஹாவில் ஓர் இகரம் கரைந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இங்கே கரைந்தால் உம்மையே காணாமல் போய், அப்பா மகன் என்று நிற்கும். காரணம் இதுதான் என்பது என் ஊகம். இலக்கணக்காரிக்கு இந்த இடம் பால்பாயசம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் இருவரும் சந்தைக்குப் போனோம். மூட்டையைக் காட்டி, வெகு கவனமாக, "மஈஸ்" என்றேன். கிராமத்திலிருந்து வந்த வியாபாரி அளந்துகொண்டே, "மைஸா? எத்தனை கிலோ?" என்றார். ஒரே தட்டு. அம்மாள் முகத்தைச் சுளித்து, "பட்டிக்காட்டுப் பேச்சு, மிஹா. நீ கற்றுக்கொள்ளாதே" என்று என் காதில் சொன்னார்.

திரும்பி வரும் வழியில், சனிக்கிழமை நாடகம் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். நாடக அரங்குக்குத் தெ-ஆ-த்ரோ, மூன்று தட்டு என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் வாயில் அன்று அது 'த்யா-த்ரோ' என்று இரண்டே தட்டில் வந்தது. என் கை கரண்டியைத் தேடியது.