பழைய மடிக்கணினியும் கம்பியில்லா இணைப்பும்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் இன்றும் பல கிராமத்து வீடுகளில் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் அளிக்கப்பட்டவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பழைய கணினியில் விண்டோஸ் தளர்ந்தபின் லினக்ஸை மட்டும் ஏற்றிக்கொள்வது சிக்கனமான வழியே. ஆயின், ஏற்றியதும் வைஃபை வாராதொழிவதுண்டு. "கார்டு எரிந்துவிட்டது" என்று கேட்டவுடன் பணத்தைச் செலவிட வேண்டுவதில்லை.

கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடைநின்று பணிபுரியும் நிரலே டிரைவர். ஐயப்பன்தாங்கல் என்னும் பெயரிலுள்ள 'தாங்கல்' சிறு ஏரியைக் குறிக்கும். ஏரியின் ஒரு மதகை இரு நீர்க்கட்டிகள் பற்றி இழுத்தால் வாய்க்காலுக்கு நீர் ஏது? பிராட்காம் கார்டுகள் உள்ள பழைய மடிக்கணினிகளில் நிகழ்வது இதுவே.

அக்கார்டுகள் பலவற்றுக்கு லினக்ஸில் இரு டிரைவர்கள் உண்டு. தன்னார்வலர் எழுதி, 2008-இல் கெர்னலில் சேர்ந்த 'பி43' ஒன்று. பிராட்காம் நிறுவனமே தரும் 'டபிள்யூ.எல்.' மற்றொன்று. பிசிஎம்4312 என்னும் கார்டு இவ்விரண்டில் எதனோடும் இயங்கும்; இரண்டும் ஒருங்கே இருந்தால்தான் தொல்லை. முந்தி ஏறுவது கார்டைப் பற்றிக்கொள்ளும். பி43-க்குத் தனியே ஃபர்ம்வேர் கோப்பு தேவை. அஃது இல்லையேல், தானும் இயங்காது, மற்றதற்கும் இடந்தராது.

முதலில் கணினியின் வைஃபை விசை அணைந்திருக்கிறதா என்று காண்க. பலர் இதைப் பார்ப்பதேயில்லை! பின்னர் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' கட்டளையுடன் ஒரு சிறு கோடும் 'என்.என்.கே.' என்னும் எழுத்துக்களும் சேர்த்து இட்டால், கார்டின் எண்ணும், அதைப் பற்றியிருக்கும் டிரைவரின் பெயரும் திரையில் தோன்றும். அவ்வெண்ணுக்கு உகந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குக. இதற்கு இணையம் வேண்டுமே எனின், கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் போதும்.

நீக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாஸ், டெபியன் வழிவந்தது. டெபியனில் டபிள்யூ.எல். தொகுப்பு தன்னை நிறுவும்போதே, பி43 ஏறாதபடி 'மோட்புரோப்.டி' என்னும் அடைவில் ஒரு தடைக்கோப்பை வைத்துவிடும். 'ரிமூவ்' கட்டளையால் தொகுப்பு போகும், தடை நிற்கும். அப்போது இரண்டு டிரைவர்களும் இல்லை. கார்டு செத்ததுபோலத் தோன்றும். 'பர்ஜ்' கட்டளையே தடையையும் சேர்த்து அகற்றும்.

டபிள்யூ.எல்.-ஐ வைத்துக்கொள்வோர், கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த டிரைவரும் புதிய கெர்னலுக்கேற்ப மீண்டும் கட்டப்பட வேண்டும் என்பதை அறிதல் நலம். அதற்குரிய 'ஹெடர்' தொகுப்பும் கணினியில் இருத்தல் அவசியம். புதுப்பிக்கும் நாளில் அந்த யூ.எஸ்.பி. கம்பியும் கையருகே இருக்கட்டும்.