கல்வட்டத்தின் அடியில் என்ன?

கிசாவில் உள்ள குஃபு மன்னரின் பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் இருப்பதை, ஒரு கல்லையும் அசைக்காமல், 2017-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்களைக் கல் தடுக்கும், வெற்றிடம் தடுக்காது. எந்தத் திசையிலிருந்து அதிகம் வருகின்றன என்று எண்ணினால் போதும். அதே துகள்களை நம் பக்கத்து மலையில், ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக எண்ணி வருகிறது. அந்த நுட்பத்தை நொய்யல் கரைக்கு இறக்கினால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் அக்கரையிலுள்ள கொடுமணலின் பழைய ஈமக்காட்டுக்கு அது பொருந்தாது. மியூவான் கருவி, தேடும் பொருளுக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்க வேண்டும். இங்குள்ள கற்பதுக்கைகளோ, அதாவது பலகைக் கற்களால் அமைத்த ஈமக்குழிகளோ, மலைபோல் எழுந்தவையல்ல, தரைக்குச் சற்றுக் கீழே கிடப்பவை. பெரும்பாலும் மண் நிறைந்திருப்பதால் வெற்றிடம் என்று தேடுவதிலும் பயனில்லை.

தேட வேண்டியது மண்ணுக்குள் செங்குத்தாக நிற்கும் பலகைக் கற்களை. அதற்குத் தரை ஊடுருவும் ரேடாரும் மின்தடை அளவீடும் ஏற்றவை. ரேடார் அலை கல்லில் பட்டுத் திரும்பும். ஈர மண் கடத்தும் மின்சாரத்தைக் கல் கடத்தாது. சென்னிமலை அருகிலுள்ள இந்த ஊரில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகு உருக்கிய தடயங்களையும், தமிழி எழுத்துப் பானை ஓடுகளையும், ஒரே ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளையும் தந்தன. அந்தச் செழுமையே என் வாதத்துக்கு ஆதாரம். தோண்டிய குழி மறுபடி கிடைக்காது. மணி எந்த மண்ணில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதைக் குறிப்பேடு மட்டுமே சொல்லும். அதில் விடுபட்டது விடுபட்டதுதான். ஆகவே முதலில் முழு ஈமக்காட்டையும் வருடிப் படம் எடுத்து, எதைத் திறப்பது, எதை விட்டுவைப்பது என்று பிறகு முடிவு செய்வதே முறை.

களிமண்ணில் ரேடார் மங்கிவிடும், கல் பரல் நிறைந்த நிலம் பொய்க்குறி காட்டும் என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான். அதனால்தான் மின்தடையையும் சேர்த்து அளக்க வேண்டும். கோடை வறட்சியில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை. இரண்டிலும் தெரியும் குறியை நம்பலாம். ஏற்கெனவே அகழ்ந்து அளவு தெரிந்த பதுக்கைகளின் மேல் கருவியை ஓட்டிப் பார்த்தால் அதன் பிழையும் புரிந்துவிடும். எந்த ரேடாரும் மணியைக் காட்டாது, எழுத்தை வாசிக்காது; மண்வெட்டியின் வேலை அப்படியே இருக்கும். ஆனால் மேலே இருந்த கல்வட்டம் உழவில் கலைந்துபோன இடத்திலும், கீழே பதுக்கை நிற்கிறதா என்பதை அது சொல்லும். டிராக்டர் கொழு இன்னும் ஆழமாக இறங்கும் முன், அந்த நிலத்துக்காரருக்கு நாம் காட்ட வேண்டிய படம் அது.