லாரிக்கு உண்டு, வீட்டுக்கு?

மலைக்கோட்டையால் அறியப்பட்ட சங்ககிரி, இன்று லாரிகளால் அறியப்படும் ஊர். இங்கே காப்பீடு என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலிசி முடியும் நாள், சர்வேயரின் வேலை, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி ஆகியவற்றை உரிமையாளர் மட்டுமல்ல, ஓட்டுநரும் கிளீனரும்கூட அறிவார்கள்.

ஆனால், அந்த லாரியை வாங்குவதற்காக அடமானம் வைக்கப்பட்ட வீட்டுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில் 'இல்லை' என்பதுதான். ஓடும் சொத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்கு ஈடாக நிற்கும் சொத்துக்கு இல்லை.

இதற்குப் பணம் காரணமல்ல. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதப்படி, 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை எடையுள்ள சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு ரூ.43,950 செலுத்த வேண்டும். நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கான பிரீமியம் இதில் ஒரு சிறு பங்குதான். வாகனக் காப்பீட்டை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது. வீட்டுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லாததால், அது நம் நினைவுக்கே வருவதில்லை.

'கடலோரத்தில் இருப்பவர்கள் அல்லவா அஞ்ச வேண்டும்?' என்று சிலர் கேட்பதுண்டு. 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் ஓயாமல், கடலுக்கு வெகுதொலைவில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. கோடை மழையோடு வரும் சூறைக்காற்றும் இடியும் நமக்குப் புதியவை அல்ல.

அரசின் நிவாரணம் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு 2022-26 காலத்துக்கென மத்திய அரசு வகுத்த விதிமுறைப்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, பகுதியளவு சேதமடைந்த உறுதியான கட்டடத்துக்கு ரூ.6,500. அந்த உதவி, துயர நேரத்தில் தாங்கிப் பிடிக்கும் கை. புதிய வீட்டைக் கட்டித் தரும் நிதி அல்ல.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைதல் ஆகியவற்றால் ஏற்படும் சேதம் இதில் அடங்கும். வாகனம் மோதுவதாலோ மரம் விழுவதாலோ ஏற்படும் சேதமும் அடங்கும் என்பதை நெடுஞ்சாலையோரம் வசிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

லாரிக் காப்பீட்டில் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது. லாரியின் காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறையும். வீட்டுக்கோ அதை இன்றைய விலையில் மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவே கணக்கு. அந்தத் தொகை பாலிசிக் காலத்தில் ஆண்டுக்கு 10 சதவீத அளவில் கூடுதல் கட்டணமின்றி உயரும்.

சிக்கனம் தொடங்கும் இடமும் இதுதான். மனையோடு சேர்த்து 60 லட்சம் ரூபாய் பெறும் வீடு என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,000 சதுர அடிக் கட்டடத்தை மீண்டும் கட்டச் சதுர அடிக்கு ரூ.2,000 ஆகுமென்றால், காப்பீடு செய்ய வேண்டியது 20 லட்சத்துக்கு மட்டுமே. நிலத்தை வெள்ளம் கொண்டுபோவதில்லை. அதற்குப் பிரீமியம் கட்டுவது வீண்.

கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருள்களுக்கும் இதே பாலிசியில் பாதுகாப்பு உண்டு. மேற்சொன்ன வீட்டுக்கு அது 4 லட்சம். பொருள்களின் மதிப்பு அதற்குள் அடங்குமானால் தனி பாலிசி தேவையில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம்.

எல்லா நிறுவனங்களிலும் இத்திட்டத்தின் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே. ஆகவே, மூன்று நான்கு நிறுவனங்களின் கட்டணத்தையும் இழப்பீடு வழங்கும் வேகத்தையும் ஒப்பிட்டாலே போதும். 10 ஆண்டுகள் வரை ஒரே பாலிசியாக எடுக்கவும் வழியுண்டு. நீண்ட காலத்துக்குத் தள்ளுபடி என்ன என்று கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் தங்கள் ஆவணங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கடனோடு சேர்த்து எடுக்கப்பட்ட பாலிசி பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கானது. சுவருக்கும் கூரைக்கும் ஆனது அல்ல. மாறாக, வீட்டுக்கு ஏற்கெனவே காப்பீடு இருந்தால் இன்னொன்றை எடுத்து இரட்டைச் செலவு செய்ய வேண்டியதில்லை.

எது கிடைக்காது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வழக்கமான திருட்டுக்கு இத்திட்டத்தில் பாதுகாப்பு இல்லை; காப்பீட்டில் அடங்கிய விபத்தைத் தொடர்ந்து 7 நாள்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே உண்டு. திருட்டுக்கும் நகைகளுக்கும் தனியே சேர்க்க வேண்டும். காலப்போக்கில் ஏற்படும் நீர்க்கசிவு, விரிசல் போன்ற தேய்மானங்களுக்கும் இழப்பீடு கிடையாது.

எடப்பாடி, குமாரபாளையம் பகுதிகளில் வீட்டோடு ஒட்டியே விசைத்தறிக்கூடம் இருப்பது வழக்கம். அது தொழிற்கூடம் என்பதால் வீட்டு பாலிசியில் அடங்காது. 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துள்ள சிறுதொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற தனித் திட்டம் இருக்கிறது. தறி இருப்பதை மறைத்து வீடு என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய் முழு இழப்பீட்டையும் பறித்துவிடக் கூடும்.

காப்பீடு என்பது இழப்புக்குப் பின் வருவது. பராமரிப்பு இழப்பையே தடுப்பது. லாரிக்கு எஃப்.சி. பார்ப்பதுபோல வீட்டுக்கும் ஆண்டு முழுவதும் ஒரு முறைமை வேண்டும். மாசி, பங்குனியில் தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளின் கொக்கிகளை முறுக்கி, வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளைக் கழிக்கலாம். ஆடிக்கு முன், காவிரிக் கரையோரத்தவர்கள் ஆவணங்களையும் மின்சாதனங்களையும் உயரத்துக்கு மாற்றலாம். ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியின் வடிகுழாய்களைத் தூர்வாரி, பழைய வயரிங்கையும் எர்த் இணைப்பையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்யலாம்.

எரிவாயு உருளையின் ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதும் அவசியம். பதிவு பெற்ற எரிவாயு இணைப்பு உள்ள வீட்டில் உருளை விபத்து நேர்ந்தால், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டின்படி சொத்துச் சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரை கோரலாம். இதற்கு நுகர்வோர் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை. இது பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டையும் பொருள்களையும் ஆண்டுக்கொரு முறை கைப்பேசியில் படம் பிடித்து, ரசீதுகளோடு வீட்டுக்கு வெளியேயும் ஒரு படி வைத்திருப்பது நல்லது. சேதம் நேர்ந்தால் இடிபாடுகளை அகற்றும் முன் படமெடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிட முடியும்.

லாரி கவிழ்ந்தால் இன்னொரு லாரி வாங்கலாம் என்ற துணிவை இந்த ஊருக்குக் கொடுத்தது காப்பீடு. அந்தத் துணிவு வீட்டுக்கும் தேவை. அடுத்த முறை லாரியின் பாலிசியைப் புதுப்பிக்கும் அன்றே, வீட்டுக்கான விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கலாம். அதற்கு இன்னொரு நாள் பார்க்க வேண்டியதில்லை.