வெல்டிங் முடிந்த பிறகுதான் ஆபத்தே ஆரம்பம்... எப்படி?

பால்கனிக்கு கிரில் போட ஆள் வந்திருக்கிறார். மிஷினை ஆன் செய்துவிட்டு, "சார், இந்த ஆங்கிளைக் கொஞ்சம் நேரா பிடிச்சுக்கோங்க" என்கிறார். நீங்களும் பிடிக்கிறீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், நேராகத்தான் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை. நாலைந்து முறை பளிச், பளிச். அவ்வளவுதான். சாயங்காலம் வேலை முடிந்து, காசு கொடுத்து அனுப்பியாச்சு.

ராத்திரி 12 மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிகிறது. தண்ணீராகக் கொட்டுகிறது. லைட் போட்டால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

வெல்டிங்கின் குணமே இதுதான். கையில் பட்ட பொறி உடனே சுடும், அதனால் அதற்கு எல்லோரும் பயப்படுகிறோம். பெரிய சேதம் செய்பவை எல்லாம் சில மணி நேரம் கழித்து வருகின்றன. அப்போது வெல்டரும் இருக்க மாட்டார், மிஷினும் இருக்காது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

வெல்டிங் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் ஏராளமாக இருக்கிறது. அதைக் கண்ணின் முன்புறத் திரையான கருவிழிப்படலம் உறிஞ்சிக்கொள்கிறது. வெயிலில் தோல் கறுத்து உரிவது மாதிரியே அந்தப் படலத்தின் மேல் அடுக்கு செல்கள் செத்து உதிர்கின்றன. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் வலி நடுராத்திரியில் வருகிறது.

கூலிங் கிளாஸ் போதாதா? போதாது. சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கு ஷேடு 10 அல்லது 11 கண்ணாடி வேண்டும். அதைப் போட்டால் பொறியைத் தவிர வேறு எதுவுமே தெரியாது, அவ்வளவு இருட்டு. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் கண்ணைப் பாதிக்கும். அதிகம் மாட்டிக்கொள்வது ஹெல்பர்தான். வெல்டர் கையில் ஷீல்டு இருக்கும், டேக் அடிக்கும்போது கம்பியைப் பிடிப்பவர் கையில் எதுவும் இருக்காது.

வலி வந்துவிட்டால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். இருட்டான அறை, கண்ணை மூடி மேலே குளிர்ந்த துணி, தேவைப்பட்டால் வலி மாத்திரை. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். பார்வை மங்கினாலோ, மறுநாளும் வலி குறையாவிட்டாலோ கண் டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். உருளைக்கிழங்கில் கிடைக்கும் சுகம் அதன் குளிர்ச்சிதான், கூடவே கிருமியும் வரலாம். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது இன்னும் மோசம். வலி தெரியாது, ஆனால் புண் ஆறுவது தள்ளிப்போகும். கிரைண்டர் தூள் கண்ணில் விழுந்திருந்தால் கதையே வேறு. அதற்கு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

(வெல்டிங் வெளிச்சத்தில் கான்டாக்ட் லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை பல வருடங்களாகச் சுற்றுகிறது. அது புரளி.)

பொறி எங்கே போய் உட்காருகிறது?

1996 ஏப்ரல் 11. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையம். டெர்மினலுக்கு மேலே போகும் சாலையில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. பொறி கீழே இறங்கி, கூரைக்குள் மறைந்திருந்த பாலிஸ்டைரின் அட்டையில் பற்றியது. பாலிஸ்டைரின் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் தெர்மோகோல். புகை டெர்மினல் முழுக்கப் பரவி 17 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்கின் கார்லி கட்டடத்தில் லிஃப்ட் மாற்றும் வேலை நடந்தபோது, லிஃப்ட் குழிக்குள் வெல்டிங் பொறி விழுந்து பற்றிய தீயில் 41 பேர் பலியானார்கள்.

இரண்டிலும் பொறி விழுந்த இடம் ஆட்கள் பார்க்காத இடம். வெல்டிங் பொறி என்பது உருகிய இரும்புத் துளி. உருகிய இரும்பின் சூடு சுமார் 1,500 டிகிரி. கீழே விழுந்து, துள்ளி, உருண்டு, இடுக்கில் நுழைந்த பிறகும் சூடு ஆறாது. மெத்தை, அட்டைப்பெட்டி, மரத்தூள் மாதிரி பொருளில் விழுந்தால் உடனே எரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக்கூடத் தீயாக எழும்பும்.

அதனால்தான் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி, தீப்பிடிக்கும் சூழல் உள்ள இடத்தில் வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்கிறது. அந்நாட்டின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 2019-ல் தன் விதியில் இதை ஒரு மணி நேரமாக உயர்த்தியது. சுற்றி 11 மீட்டருக்குள் எரியும் பொருள் இருக்கக்கூடாது, நகர்த்த முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூட வேண்டும் என்பதும் விதி. 11 மீட்டர் என்றால் நம்ம ஃபிளாட்டில் ஹாலைத் தாண்டி பெட்ரூமே வந்துவிடும். அதனால் மூடுவதுதான் நடைமுறைக்கு வரும். சோபா, திரைச்சீலை, ஏசி பைப்பைச் சுற்றியிருக்கும் ஃபோம், ஃபால்ஸ் சீலிங் இடைவெளி, கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணி எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள். ஒரு பக்கெட் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் மிஷின் ஓடும்போது அதை எடுத்து ஊற்றக்கூடாது. முதலில் கரண்ட்டை நிறுத்த வேண்டும்.

வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் 6 மணிக்கு முடித்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினால் காவலுக்கு யார் இருப்பார்கள்?

வெள்ளைப் புகை வந்தால்...

ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும்போது புகை வெள்ளையாக வரும். ஜிஐ மேல் பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் முன்பே துத்தநாகம் புகையாகி மூக்குக்குள் போய்விடுகிறது. நாலு முதல் பத்து மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. மறுநாள் தானாகச் சரியாகும், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மழை நாளில் வந்தால் வைரல் காய்ச்சல் என்றே நினைத்துவிடுவோம்.

பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் சேர்த்தது. அது ஒருநாள் கிரில் வேலை பார்க்கும் வீட்டுக்காரரை விட, தினமும் அதே புகையில் நிற்பவரின் பிரச்சினை. ஜன்னலைத் திறந்து, காற்று அவர் முகத்தைத் தாண்டி வெளியே போகிற மாதிரி ஃபேனை வைக்க நமக்கு ஒரு நிமிடம் ஆகும். பூச்சை முதலில் கிரைண்டரில் தேய்த்து எடுப்பதும் உதவும், அப்போது மாஸ்க் போட்டுக்கொண்டால்.

காலி டிரம்மை மட்டும் தொடாதீர்கள்

யூடியூப் பார்த்துவிட்டு பழைய டிரம்மை வெட்டி பார்பிக்யூ அடுப்பு செய்யும் ஆசை நிறைய பேருக்கு வந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். 200 லிட்டர் டிரம்முக்குக் கணக்குப் போட்டால், இரண்டு மூன்று டீஸ்பூன் பெட்ரோல் போதும். கழுவினாலும் மடிப்பு ஓரங்களில் அவ்வளவு தங்கிவிடும். டீசல், ஆயில், பெயின்ட் டிரம்மும் இதே ரகம்தான். குளிராக இருக்கும்போது சாதுவாகத் தெரியும், கட்டிங் சூட்டில் ஆவி கிளம்பும். பைக் பெட்ரோல் டேங்கில் ஓட்டை என்றால் அதற்கென்றே வேலை செய்பவரிடம் கொடுங்கள், அல்லது டேங்கையே மாற்றுங்கள். அடுப்புக்குப் புது டிரம் வாங்கலாம், அப்படியொன்றும் விலை கிடையாது.

கிரைண்டர் பற்றி ஒரே ஒரு விஷயம். நாலு இஞ்ச் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். கார்டு கழற்றிய கிரைண்டரோடு ஆள் வந்தாலும், பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்து சாக்கெட்டில் சொருகினாலும், "அண்ணே, ஒரு நிமிஷம். கார்டு மாட்டிக்கோங்க, பிளக் நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் சிரிப்பார். "இருபது வருஷமா இப்படித்தான் சார் செய்றேன்" என்பார். பரவாயில்லை, பிளக்கை வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.