ஒருசுவர் இருமனை

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் நமக்கு மனை என்றவுடன் நினைவில் எழுவது வளவேயாகும். நாற்புறமும் வேலி, வேலிக்குள்ளே தென்னையும் மாவும், நடுவே வீடு. நம் சுவருக்கும் அயலார் சுவருக்கும் இடையே காற்று உலாவும். ஆதலின், தெரு முழுவதும் ஒன்றையொன்று ஒட்டி, இரு குடும்பத்தார்க்கு ஒரே சுவர் பொதுவாக நிற்கும் நிரைவீடுகளின் இயல்பு நம் மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றுதல் இயற்கையே.

இங்கிலாந்தில் விக்டோரியா அரசியார் 1837ஆம் ஆண்டு அரியணை ஏறிய காலத்தை ஒட்டி எழுந்த நிரைவீடுகள் பல இன்றும் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவற்றின் இலக்கணத்தை வகுத்தது அழகுணர்ச்சி மட்டுமன்று. அச்சமும் வரியும் அதனை வகுத்தன. 1666இல் இலண்டனை எரித்த பெருந்தீயின் நினைவு நீங்காமையால், 1774ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச்சுவரின் தடிப்பை அளவிட்டு விதித்தது. பலகணிகளை எண்ணி வரி வாங்கியமையால் அவை குறைந்தன. கண்ணாடி வரி 1845இலும், செங்கல் வரி 1850இலும், பலகணி வரி 1851இலும் ஒழிந்தபின் வீட்டின் முகம் மலர்ந்தது. படிக்க வல்லார்க்குச் சுவரும் ஒரு வரலாற்று நூலே என்க.

தமிழகத்தில் இதற்கு நிகரானது உண்டோ எனின், உண்டு. புதுச்சேரியில் வைசியாள் வீதி என வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டியார் தெருவே அது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி இடித்தனர். 1765 முதல் நகர் மீண்டும் எழுந்தது. அங்கே இன்று காணும் பழைய மனைகள் பெரும்பாலும் அவ்வழிவிற்குப் பிற்பட்டவை.

தெருவை அடுத்து மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. வழிப்போக்கர்க்கு நிழல் தரும் தாழ்வாரம் இது. அடுத்து, அமர்ந்து இளைப்பாறத் திண்ணை. அதன்பின் வேலைப்பாடமைந்த கதவு. உள்ளே வானம் நோக்கிய முற்றம். மேன்மாடத்திலோ வளைவுப் பலகணிகளும், சுவரோடு ஒட்டிய தூண்களும் பிரெஞ்சு முறையைக் காட்டும். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. இரண்டையும் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து.

முற்றம் ஏன் வேண்டும்? பக்கச் சுவர்கள் பொதுவாதலின் அவற்றில் பலகணி வைத்தல் இயலாது. ஒளியும் காற்றும் மேலிருந்தே இறங்க வேண்டும். இலண்டன் வீட்டார்க்கும் இவ்விடர் உண்டு. அவர்கள் முன்னும் பின்னும் பலகணி வைத்து, வீட்டின் ஆழத்தைக் குறைத்து, மாடிமேல் மாடி எழுப்பினர். நம்மவர் முற்றத்தைத் திறந்து வைத்து வீட்டை உள்நோக்கி நீட்டினர். இடர் ஒன்று; குளிர்நாடும் வெயில்நாடும் கண்ட வழி வேறு.

2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் துணையோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ என்னும் நகரங்கள் கைகோக்க, இந்திய மரபுரிமைக் காப்பு நிறுவனமாகிய இன்டாக் இத்தெருவின் முகப்புகளைச் செப்பனிட்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுகளுள் ஒன்று இப்பணியைத் தேடிவந்தது.

"என் வீட்டை இடிக்க எனக்கு உரிமை இல்லையோ?" என்று உடைமையாளர் ஒருவர் வினவலாம். அவ்வினாவை எள்ளுதல் தகாது. மரம் உளுத்துவிட்டது, பங்காளிகள் பலர், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தரும் அரியர். ஆயினும் பொதுச்சுவர் தன்னொருவன் சுவரன்று. ஒரு மனை வீழின் அடுத்த மனை துணையிழக்கும். தெருவின் நிழல் தொடர் அறும். இதனை உணர்ந்தே ஆங்கிலச் சட்டம் ஒரு கட்டடத்தைத் தனியே நோக்காது, அது சேர்ந்த தொகுதிக்கு அதன் புறத்தோற்றம் தரும் சிறப்பையும் கருதுகின்றது. அங்ஙனமாயின் காக்கும் செலவையும் ஊரார் பகிர்ந்து ஏற்றல் வேண்டும். நிழல் எல்லார்க்கும், செலவு ஒருவர்க்கு என்பது நீதியன்று.

நெடுநல்வாடை பாடிய நக்கீரர் தெருவை ஆற்றுக்கு உவமித்தார். ஆறாயின் இருமருங்கு மனைகளும் கரைகளாம். கரையில் ஓரிடம் உடைந்தால் விளைவது யாதென வாவிக்கரை வாழும் நமக்கு எவரும் உரைக்க வேண்டுவதில்லை.

நம் ஊரில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையைத் தொன்மை என்கின்றோம். 1978 நவம்பர்ச் சூறாவளிக்கும் அதன்பின் வந்த இடர்களுக்கும் தப்பிய திண்ணை வீடுகளை அவ்வாறு எண்ணுகின்றோம் அல்லோம். மாணவர்காள்! அத்தகைய வீடு ஒன்று உங்கள் ஊரில் நிற்குமாயின், உடையாரின் இசைவு பெற்று, நூல் பிடித்து அளந்து, ஏட்டில் வரைந்து வையுங்கள். திண்ணையின் உயரம், தூணின் சுற்றளவு, முற்றத்தின் நீள அகலம், ஒவ்வொரு பகுதிக்கும் வீட்டு மூதாட்டியார் வழங்கும் பெயர் ஆகிய யாவும் அதில் இடம்பெறுக. வீட்டைக் காக்கும் வலி நம்மிடம் இல்லையாயினும், அதன் சொற்களையேனும் காத்தல் தமிழ் கற்றார் கடன்.