ஊர்ப் பொதுவும் கட்டற்ற மென்பொருளும்

காவிரியாறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம் என்றும், தென்கிளை காவிரி என்றும் பெயர் பெறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவே திருவரங்கம். இப்பகுதி வயல்களுக்கு ஆற்றுநீரைக் கொண்டு செல்பவை வாய்க்கால்கள். அவற்றுள் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது; திருச்சிராப்பள்ளி நகரின் ஊடே இன்றும் ஓடுவது.

வாய்க்கால் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று, ஊருக்குப் பொது. பொதுவாயின், அதனைத் தூர் வாருபவர் யார்? இவ்வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடையே குடிமராமத்து. நீர் வற்றிய காலத்தில், பாசனம் பெறும் குடிகள் ஆள் அனுப்பி மண்ணை அள்ளினர், கரையைக் கட்டினர். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென இயற்றப்பட்ட ஒரு சட்டமும் இவ்வழக்கத்தை வலியுறுத்தியது. பயன் கொள்பவனே பேணவும் கடமைப்பட்டவன் என்பது இதன் அடிப்படை.

இக்காலத்தே மற்றொரு பொதுச்செல்வம் தோன்றியுள்ளது. அதுவே கட்டற்ற மென்பொருள். கணிப்பொறி தானாக ஒன்றையும் செய்யாது. அதனை இயக்கும் கட்டளைகளின் தொகுதி மென்பொருள் எனப்படும். அக்கட்டளைகளை நிரலாளர் எழுதிய வடிவம் மூலநிரல் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல மூலநிரலை மறைத்துவிட்டு, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கின்றன. இது, மருந்தை விற்றுச் செய்முறையை மறைக்கும் மருத்துவனின் செயலை ஒக்கும். வாங்கியவன் உண்ணலாம், ஆனால், அதில் சேர்ந்த சரக்குகளை அறியான், குறை கண்டாலும் திருத்த இயலான்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அமெரிக்க நாட்டினரான ரிச்சர்டு ஸ்டால்மன். 1983ஆம் ஆண்டில் அவர் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கலாம். அதன் மூலநிரலைக் கற்று மாற்றலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். திருத்திய படியையும் பரப்பலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். அது பல நாட்டு நிரலாளரின் உழைப்பால் வளர்ந்து, இன்று பெருங்கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் இயங்குகின்றது.

வாய்க்கால் நீருக்கும் மென்பொருளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நீரை ஒருவர் மிகுதியாக எடுத்தால் மற்றவர்க்குக் குறையும். மென்பொருளை ஆயிரவர் படியெடுத்தாலும் மூலம் குறையாது. ஆயின், இதில் அரிய பொருள் யாது? அதனை எழுதுவோரின் காலமும் உழைப்புமே. கட்டற்றது என்பது விலையற்றது என்று பொருள்படாது. விலையின்றிக் கிடைப்பினும், அதற்கு எவரோ ஒருவர் தம் உழைப்பையோ பொருளையோ செலவிட்டிருக்கின்றார்.

அச்செலவு பல வழிகளால் ஈடு செய்யப்படுகின்றது. முதலாவது, தன்னார்வ உழைப்பு. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை நீக்கி, இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் பெறாது அதற்கு உழைத்தனர். கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றைத் தமிழில் பெயர்த்தவரும் இத்தகையோரே. இரண்டாவது, மென்பொருளால் ஆதாயம் பெறும் நிறுவனங்கள் நிரலாளர்க்கு ஊதியம் அளித்தல். மூன்றாவது, அரசின் உதவி. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் இவ்வகையைச் சார்ந்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பயின்று, பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம், 2003ஆம் ஆண்டில் புனே நகரில் உரையாற்றியபொழுது, இந்தியா திறந்த மூலநிரல் மென்பொருளை வளர்க்க வேண்டும் என வற்புறுத்தினார்.

நான்காவது வழி நன்கொடையும் நிலைநிதியும் ஆகும். இது தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் 96 ஆடுகளை அளித்தல் வழக்கம் எனத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் கூறும். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தனர். மந்தையிற் சில இறப்பினும் குட்டிகளால் அத்தொகை நிரம்பும். ஆதலின் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. முதல் அழியாது, விளக்கும் அணையாது. கட்டற்ற மென்பொருளால் இயங்கும் விக்கிப்பீடியாவைப் பேணும் விக்கிமீடியா அறக்கட்டளையும் இவ்வாறே 2016ஆம் ஆண்டில் ஒரு நிலைநிதியைத் தொடங்கியது. 2021இல் அது 10 கோடி டாலரை எட்டியது.

பயன் கொள்வோர் பேண மறந்தால் விளைவது யாது? இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் மறைத்துக் காப்பது ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் மென்பொருள். வங்கிகளும் வணிகரும் அதனைப் பயன்படுத்தினர். எனினும், அதற்கு வந்த நன்கொடை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டாலரே. முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவரே. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கடவுச்சொற்களையும் கவர்வதற்கு இடந்தரும் பெரும்பிழை ஒன்று அதனுள் இரண்டாண்டுகளாக மறைந்திருந்தது வெளிப்பட்டது. உலகம் திடுக்கிட்டது. அதன்பின்னரே பெருநிறுவனங்கள் பல ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வீதம் மூன்றாண்டுகட்கு வழங்க முன்வந்தன.

முக்கொம்பில் 1836ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெள்ளம் பெருகியபொழுது மதகுகள் பல இடிந்து வீழ்ந்தன. அணை நிற்கும் வரை அதனை நினைப்பவர் சிலர். இடிந்தபின் நினைப்பவர் பலர். மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

பொதுப்பொருளைப் பேணச் செல்வம் மிக்கவராதல் வேண்டுவதில்லை. பயன்படுத்தும்பொழுது கண்ட பிழையைத் தெளிவாக எழுதி நிரலாளர்க்கு அறிவித்தல் ஓர் உதவி. ஆங்கிலத்தில் உள்ள விளக்கத்தை நல்ல தமிழில் பெயர்த்தல் ஓர் உதவி. கற்றதைத் தோழர்க்குக் கற்பித்தலும் உதவியே. பொருள் உடையார் பொருளை ஈக; அறிவு உடையார் அறிவை ஈக; காலம் உடையார் உழைப்பை ஈக. எல்லாரும் கொள்வார், எவரும் கொடார் என்னும் நிலையில் எப்பொதுவும் நில்லாது. கொள்பவர் அனைவரும் தம்மால் இயன்றதைத் திரும்பத் தருவாராயின், அப்பொதுச்செல்வம் தலைமுறைதோறும் வளர்ந்து எல்லார்க்கும் பயன்படும்.