பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்: போன் விளம்பரத்தை வாசிப்பது எப்படி?

கொழும்பில் வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் ரீலோட் போடும் கடைகளின் முகப்பைப் பாருங்கள். "அன்லிமிட்டட்", "இலவசம்" என்று ஆளுயர எழுத்தில் போட்டிருக்கும். நம் தோட்டங்களில் இருந்து போய் அங்கே புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தங்களுக்கும் வீட்டுக்கும் ரீலோட் போடுகிறார்கள். பத்து நாள் போகுமுன்னே "காசு கரைஞ்சு போச்சும்மா" என்கிறார்கள். காசை யாரும் களவெடுக்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில் இருந்த நிபந்தனைதான் அதைத் தின்றிருக்கிறது.

நிபந்தனை என்றால் என்ன என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். 60 ரூபாய் வருகைக்கு, 140 ரூபாய் கொழுந்தின் அளவுக்கு, 30 ரூபாய் தேயிலை விலைப் பங்குக்கு. வேலைநாள் குறைந்தால், கிலோ குறைந்தால், கைக்கு வந்ததும் குறைந்தது. சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்க்கத் தெரிந்த நாம் போன் பெக்கேஜையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். காசு கொடுக்குமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. எந்த நேரத்துக்கு? டேட்டாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை "இரவு டேட்டா" என்று கொடுப்பது நம் நாட்டில் வழக்கம். அது நடுச்சாமம் 12 மணிக்குப் பிறகுதான் ஓடும், விடிந்தால் நின்றுவிடும். உதாரணத்துக்கு, 30 ஜிபியில் 15 ஜிபி இரவுக்கு என்றால், விடியற்காலை எழும்பிப் பிரட்டுக்குப் போகிற குடும்பத்துக்குக் கிடைப்பது 15தான்.

2. எத்தனை நாளைக்கு? இந்தியாவில் 28 நாள் பெக்கேஜை மாதப் பெக்கேஜ் போல நினைத்து மக்கள் வாங்கினார்கள். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை காசு போகிறது. 30 நாள் பெக்கேஜ் ஒன்றாவது ஒவ்வொரு கம்பனியும் வைத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது.

3. எதற்கு, யாருக்கு? "கோல் இலவசம்" என்றால் அதே கம்பனி நம்பருக்கு மட்டுமா, எல்லா நம்பருக்குமா? வட்ஸ்அப் பெக்கேஜ் என்றால் வட்ஸ்அப்பில் கோல் எடுப்பதும் அதில் சேருமா? அதில் வந்த வீடியோவை அழுத்தி வேறு இடத்துக்குப் போனால், அந்தச் செலவு வேறு கணக்கில் வெட்டப்படலாம்.

4. வேகம் எதுவரை? "அன்லிமிட்டட்" என்ற சொல்லுக்குள் ஒரு அளவு ஒளிந்திருக்கும். அதைத் தாண்டினால் நெட் ஆமை போல நகரும். அமெரிக்காவில் ஏடி அன்ட் டி என்ற பெரிய கம்பனி, அன்லிமிட்டட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்தது என்று அரசாங்கத்தின் வர்த்தக ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் 60 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்துத்தான் கம்பனி வழக்கை முடித்தது.

5. வரி சேர்ந்த விலையா? 2024 ஜனவரி முதல் வற் வரி மட்டும் 18 வீதம். வரி சேராத விலை 100 ரூபாய் என்றால், அந்த ஒரு வரியோடேயே 118 ரூபாய் ஆகிவிடும். வேறு வரியும் சேரலாம்.

"சின்ன எழுத்தில் போட்டிருந்தோமே" என்று கம்பனி சொன்னால் போதுமா? போதாது. அவுஸ்திரேலியாவில் டிபிஜி என்ற இன்டர்நெட் கம்பனி மாதம் 29.99 டொலர் என்று பெரிதாக விளம்பரம் செய்தது. வீட்டுப் போனுக்கு இன்னும் 30 டொலர் கட்ட வேண்டும் என்பது சின்னதாக இருந்தது. மக்கள் மனதில் பதிவது பெரிய எழுத்துதான் என்று சொல்லி, அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 2013இல் 20 லட்சம் டொலர் தண்டத்தை உறுதி செய்தது.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், ஆட்களைத் தவறாக நம்ப வைத்து வியாபாரம் செய்வதைத் தடை செய்கிறது. ஆகவே ஏமாந்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விளம்பரத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ரீலோட் போட்ட திகதியைக் குறியுங்கள். கம்பனி அனுப்பிய எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்க வேண்டாம். முதலில் கம்பனிக்கே முறையிடுங்கள். சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. அதிகாரசபைக்கு முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழிலேயே எழுதுங்கள்.

சின்ன எழுத்து பல நேரம் இங்கிலீசில்தான் இருக்கும். லயத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று இருந்தால், அதைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ரீலோட்டை அதற்குப் பிறகு போடலாம்.